ஆசிரியர் இல்லாத வகுப்பின் முதல் வாக்கியம்: கற்றல் நோக்கங்கள் இறுகிய வரலாறு

இணையவழிப் பயிற்சி எதைத் திறந்தாலும் முதல் திரையில் அநேகமாக ஒரே வார்ப்பில் ஒரு வாக்கியம் நிற்கும்: இப்பாடத்தின் முடிவில் நீங்கள் இன்னின்னதைச் செய்யக்கூடியவர் ஆவீர்கள். இது கணினியோடு வந்த சடங்கு என்பார் உண்டு. நல்லாசிரியர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததன் எழுத்துவடிவம் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் சான்று போதவில்லை. கற்பிப்பவர் வேறு, கற்றதை அளப்பவர் வேறு என்று ஆன இடங்களிலேயே இவ்வாக்கியம் வேரூன்றியது; அந்த இடைவெளி கூடக்கூட அதன் சொற்கள் இறுகின. இடைவெளி மிக அகன்றிருப்பது இணையப் பாடத்தில் என்பதால் அங்கே நோக்கம் தவிர்க்க முடியாததாகிறது. அது எளிதில் பொய்த்துப்போவதும் அதே காரணத்தால்தான்.

அமெரிக்காவில் பிராங்க்ளின் பாபிட் 1918இல் கலைத்திட்டம் பற்றித் தம் நூலை வெளியிட்டார். ஆலை வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து அளந்த டெய்லரின் மேலாண்மைமுறை அப்போது செல்வாக்கோடு இருந்தது. வளர்ந்தோர் வாழ்வில் செய்யும் செயல்களை அவ்வாறே பிரித்தால் பள்ளியின் நோக்கங்கள் கிடைத்துவிடும் என்றார் பாபிட். இதில் கேட்பது நிர்வாகியின் குரல். ரால்ஃப் டைலர் வந்த வழி வேறு. 1930களில் நடந்த 'எட்டாண்டு ஆய்வு' சுமார் 30 பள்ளிகளைக் கல்லூரி நுழைவுக்கான வழக்கமான பாட நிபந்தனைகளிலிருந்து விடுவித்தது. பழைய தேர்வுகள் பொருந்தாமல் போனபின், மாணவர் கற்றதை எப்படி அறிவது? மதிப்பீட்டுக்குத் தலைமை தாங்கிய டைலர், நீங்கள் எதிர்பார்ப்பது என்ன என்று ஆசிரியர்களையே கேட்டார். விடைகளை மாணவரிடம் கண்ணால் காணத்தக்க நடத்தைகளாக மாற்றச் செய்தார். கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கும் புளூமின் வகைப்பாடு இதைவிடத் தெளிவான சான்று. இன்று பாடத்திட்டம் வகுப்போர் கையிலிருந்து இறக்காத அந்த ஆறுபடி ஏணி, 1948இல் பாஸ்டனில் கூடிய கல்லூரித் தேர்வாளர்களின் பேச்சில் முளைத்து 1956இல் நூலானது. வினாக்களைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளப் பொதுப்பெயர்கள் வேண்டும் என்பதே அவர்கள் தேவை. வினாத்தாள் அறையில் பிறந்த பிள்ளை வகுப்பறைக்குத் தத்துப் போனது.

இணையப் பாடத்தின் நேர் மூதாதை என்று சொல்லத்தக்கவர் ராபர்ட் மேகர். 1954இல் உளவியலாளர் ஸ்கின்னர் கற்பிக்கும் எந்திரத்துக்காக வாதாடியபின், பாடத்தைச் சிறு கூறுகளாக வெட்டி, மாணவர் தாமே விடையளித்து முன்னேறும் நிரல்வழிக் கற்றல் பரவியது. அதற்குப் பாடம் எழுதுவோருக்காகவே மேகர் 1962இல் ஒரு சிறுநூல் எழுதினார். அந்நூலே ஓர் எந்திரம்தான்: வாசகர் தேர்ந்த விடைக்கேற்ப வேறு வேறு பக்கத்துக்கு அனுப்பும். மேகர் கேட்டவை மூன்று: மாணவர் என்ன செய்வார், எந்தச் சூழலில், எவ்வளவு செம்மையாக. 'புரிந்துகொள்வர்' போன்ற வினைகள் ஆளுக்கொரு பொருள் தரும் என்று அவற்றை ஒதுக்கினார். 'தீயணைப்பான்களைப் பற்றி அறிவர்' என்ற நோக்கத்தில் எவரும் தோற்க முடியாது. 'எரியும் எண்ணெய்ச் சட்டி, தீப்பற்றிய மின்பலகை ஆகியவற்றின் படங்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய தீயணைப்பானைப் பிழையின்றித் தேர்வர்' என்றால் தோல்வி உடனே தெரியும். எதிரே நிற்கும் ஆசிரியருக்கு இந்த இறுக்கம் வேண்டியதில்லை. மாணவர் முகம் சுருங்கினால் வேறொரு உதாரணம் சொல்வார். எந்திரத்துக்கு முகம் தெரியாது. முன்கூட்டி எழுதிய வாக்கியத்தைக் கொண்டுதான் அது மாணவரைப் பார்க்கிறது.

இதற்கு வந்த மறுப்புகளில் வலுவானது எலியட் ஐஸ்னருடையது. கலைக்கல்வியாளரான அவர், நோக்கங்கள் துணையா தடையா என்று 1967இல் கேட்டார். கற்றலின் விளைவுகள் பல முன்கூட்டிச் சொல்ல இயலாதவை. அளவுகோலை வைத்துப் பார்ப்பது வேறு, தீர்ப்புச் சொல்வது வேறு என்றார். மறுக்க முடியாத வேறுபாடு இது. ஆனால் ஐஸ்னர் சொல்லும் தீர்ப்புக்கு ஓவியத்தின் முன் வந்து நிற்கும் ஒருவர் வேண்டும். அவர் இருக்கும்வரைதான் நோக்கத்தைத் தளர்த்தலாம். 2008இல் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகம் வழியே நடத்திய திறந்த இணையப் பாடம் இதற்கு ஒரு சோதனைக்களம் ஆயிற்று. அதில் 2,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். கற்பவர் தம் நோக்கத்தைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கொள்கை. பங்கேற்றோரை ஆராய்ந்தவர்கள், சுதந்திரமும் திறப்பும் மிகும்போது கட்டமைப்பும் துணையும் இல்லாத குறை கற்றலையே சுருக்கக்கூடும் என்று கண்டனர். கொள்கையின் தோல்வி என்று இதைச் சொல்லிவிட மாட்டேன். பழுத்த கற்போருக்கு அது பொருந்தலாம். வேலை கற்க வரும் புதியவருக்குப் பொருந்தாது.

ஐஸ்னரின் அச்சம் மெய்யாவது வேறோர் இடத்தில். 2001இல் ஆண்டர்சனும் கிராத்வோலும் புளூமின் ஏணியைத் திருத்தியபோது பெயர்ச்சொற்களை வினைகளாக்கினர். 'படைத்தல்' உச்சிக்குப் போனது. மேகர் வாசலிலேயே நிறுத்திய 'புரிந்துகொள்ளுதல்' இரண்டாம் படியாகவே அமர்ந்துகொண்டது, விளக்குதல், ஒப்பிடுதல் போன்ற உட்பிரிவுகளோடு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்க வகைசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014இல் நிரந்தர உறுப்பானபின், இந்தியப் பொறியியல் கல்லூரி வினாத்தாள்களில் கேள்விக்குப் பக்கத்தில் இந்தப் படிகளின் குறியீடு ஏறியது. தேர்வெழுதும் மாணவரைவிடத் தரச்சான்று தர வருவோருக்கே அது அதிகம் பயன்படுகிறது. இணையப் பயிற்சியில் இன்னொரு பிளவு: முதல் திரை 'பகுப்பாய்வர்', 'உருவாக்குவர்' என்று நான்காம், ஆறாம் படி வினைகளைக்கூட வாக்களிக்கிறது, கடைசித் திரையோ எந்திரம் திருத்தக்கூடிய நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பெரும்பாலும் அக்கேள்வி கேட்பது முதல் படியான நினைவை மட்டுமே. மேகரின் மூன்று கேள்விகளை அந்தக் கடைசித் திரையிலிருந்து பின்னோக்கிக் கேட்டுவந்தால், முதல் திரையின் வினைகளில் பல உதிர்ந்துவிடும்.