அசலும் நகலும்: நெசவூர்களில் வீட்டுத்திரையின் வரலாறு

திரையரங்கில் ஓடிய படத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கென்று கேசட்டிலோ சிடியிலோ டிவிடியிலோ பதிந்து விற்கும் வணிகத்தைத் திரைத்துறையினர் 'ஹோம் வீடியோ' என்பர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு பெரிய படத்தின் வீட்டுப்பதிப்பு வெளிவந்தவுடன் அதைத் தனிப் பொருளாகவே மதிப்பிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. படத்தின் கதையை ஒதுக்கிவைத்துவிட்டு, காட்சித் தெளிவு, ஒலியின் பிரிவு, துணைத்தலைப்புகள், நீக்கப்பட்ட காட்சிகள், இயக்குநரின் விளக்கவுரை ஆகியவை எந்த அளவுக்குத் தரப்பட்டுள்ளன என்று அங்கே எடை போடுவார்கள். திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில், ஆரணிப் பட்டு நெசவின் சுற்றுவட்டத்தில் அமைந்த தேசூர் போன்ற பேரூர்களின் பார்வையாளர்களும் வீட்டுப்பதிப்பை எடை போட்டவர்களே; ஆனால் அவர்களுடைய தராசில் வைக்கப்பட்ட கற்கள் வேறு. படம் எந்த மொழியில் பேசுகிறது, எத்தனை பேர் சேர்ந்து பார்க்க முடியும், அதற்கு என்ன விலை என்ற மூன்று கேள்விகளுக்குப் பின்னரே தெளிவு பற்றிய பேச்சு அங்கே எழுந்தது. இக்கேள்விகளுக்குத் திரைத்துறை முறையான பதிலைத் தர மிகவும் தாமதித்தது என்பதும், அந்த இடைவெளியை நகல் வணிகம் நிரப்பிக்கொண்டது என்பதுமே இவ்வட்டாரத்து வீட்டுத்திரை வரலாற்றின் சாரம்.

அதிநாயகப் படங்கள், அதாவது மனித ஆற்றலுக்கு மீறிய வலிமையுடன் வேடமணிந்து தீமையை எதிர்க்கும் நாயகரைக் கொண்ட படங்கள், இவ்வணிகத்தின் போக்கையே மாற்றியவை. 1980-களில் அமெரிக்கக் கேசட்டுகள் பெரும்பாலும் வாடகைக் கடைகளுக்கே விற்கப்பட்டன. ஒரு புதுப்படக் கேசட்டின் விலை 90 டாலரை ஒட்டி இருந்ததால், குடும்பங்கள் அதை வாங்காமல் ஓரிரவுக்கு எடுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தன. 1989 ஜூன் 23-ஆம் நாள் திரையரங்குகளுக்கு வந்த 'பேட்மேன்' படத்தை, ஐந்து மாதம்கூட நிறையாத நவம்பர் 15-ஆம் நாளில், 24.95 டாலர் விலையில் வார்னர் நிறுவனம் கேசட்டாக வெளியிட்டது. வாடகைப் பொருளாக இருந்த பெரும்படக் கேசட்டைக் குடும்பங்கள் விலைக்கு வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் பொருளாக்கியதில் அந்த விலைக்குறைப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

அதே காலத்தில் அன்றைய வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் இருந்த நிலை முற்றிலும் வேறு. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கப்பட்டது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. அதன் பின்னரே, 'டெக்' என்று மக்கள் அழைத்த கேசட் ஓட்டும் பெட்டி, வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் வழியாகவும் நகரத்துக் கடைகள் வழியாகவும் உள்ளூர்களுக்குப் பரவியது. அதைச் சொந்தமாக வாங்கும் வசதி கூலிக்கு நெய்யும் குடும்பங்களுக்கு இல்லை என்பதால், வாடகைக்கு விடும் தொழில் தோன்றியது. ஒரு வண்ணத் தொலைக்காட்சி, ஒரு டெக், மூன்று அல்லது நான்கு கேசட்டுகள், அவற்றை இயக்கத் தெரிந்த ஓர் ஆள் என அனைத்தும் ஓரிரவு வாடகையில் அடங்கின. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி மாதத்துக் கூழ் வார்த்தல் போன்ற நாள்களில் இப்பெட்டி வாசலில் மேசைமீது வைக்கப்பட்டு, தெருவே பாய் விரித்து உட்கார, பொழுது விடியும்வரை படம் ஓடியது. 'வீட்டு' வீடியோ என்ற பெயர் இங்கே பொருந்தவே இல்லை. அது தெரு வீடியோவாகவே இருந்தது. (தறியில் ஊடை இழையைச் சுமந்து குறுக்கே ஓடும் கருவிக்கும் நாடா என்றே பெயர், கேசட்டுக்குள் சுற்றியிருப்பதும் நாடாவே. பகலில் ஒரு நாடாவும் இரவில் மற்றொரு நாடாவும் ஓடிய ஊர்கள் இவை.)

விடிய விடியப் பார்த்தல் என்ற இவ்வழக்கம் டெக் கொண்டுவந்த புதுமை அன்று. வந்தவாசி, செய்யாறு, சேத்துப்பட்டு வட்டாரம் தெருக்கூத்தின் தாய்நிலங்களுள் ஒன்று; புகழ்பெற்ற கூத்தூரான புரிசை இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாகப் பல நாள்கள் தொடர்ந்து நடப்பது இங்கே இன்றும் காணக்கூடிய மரபு. கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து, முகத்தில் வண்ணம் பூசி, திரைக்குப் பின்னிருந்து வெளிப்பட்டுத் தன் பெயரையும் பெருமையையும் தானே சொல்லிக்கொண்டு சுழன்றாடும் வீமனையும் அருச்சுனனையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கண்களுக்கு, முகமூடியணிந்த நாயகன் அந்நியனாகத் தோன்ற வேண்டிய காரணம் எதுவும் இல்லை. அச்சு வழியாகவும் அவன் முன்பே அறிமுகமாகியிருந்தான். சிவகாசியிலிருந்து 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழே, மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும் 'இரும்புக்கை மாயாவி'யின் கதைதான். அதிநாயகப் படம் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான சுவை என்று எழுதுவோர் இந்த இரு மரபுகளையும் கணக்கில் கொள்வதில்லை.

கூத்தில் மற்றொரு கூறும் கவனத்துக்குரியது. கட்டியங்காரன் என்னும் பாத்திரம், அரசனின் சேவகனாகவும் கோமாளியாகவும் கதை விளக்குபவனாகவும் ஒரே நேரத்தில் நின்று, இதிகாசத்தின் உயர்நடைப் பேச்சைச் சபையின் அன்றாடப் பேச்சுக்கு மாற்றித் தருபவன். ஆங்கிலப் படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுக்கும் மொழிமாற்றக் கலை செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். மொழிமாற்றத்தை மூலத்தின் குறைப்பதிப்பு என்று தாழ்த்திப் பேசும் விமரிசகர்கள், அது ஒரு விளக்கவுரையும்கூட என்பதைக் காணத் தவறுகின்றனர்.

சட்டம் இவ்வணிகத்தை விரைவிலேயே கவனித்தது. டெக்கின் வழியே தொலைக்காட்சித் திரையில் படங்களைக் காட்டுவதை முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 1984-இல் தனிச்சட்டம் இயற்றிப் பொதுக்காட்சிக்கு உரிமம் கேட்டது. உரிமம் இல்லாத காட்சிகள் அதனால் நின்றுவிடவில்லை. தமிழ்ப்படங்களை முறையாகக் கேசட்டிலும் பின்னர் டிவிடியிலும் வெளியிடும் வணிகம் வளர்ந்தது பெரிதும் கடல்கடந்த தமிழரை நம்பியே. இலண்டனில் 1987-இல் தொடங்கப்பட்ட ஐங்கரன் நிறுவனம் அதில் முன்னணியில் நின்றது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்காக ஆங்கிலத் துணைத்தலைப்புடன் உருவான அப்பதிப்புகளே இங்கு நகலெடுக்கப்பட்டு வந்தன. நகல் சிடிக்களின் திரை மூலையில் அந்நிறுவனத்தின் முத்திரையைக் கண்டு 'நல்ல பிரிண்ட்' என்று அறிந்துகொண்ட தலைமுறை ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. சொந்த நாட்டில் பிறந்த படத்தின் நல்ல பிரதி, அயல்நாட்டுக் கடை வழியே திருட்டுத்தனமாகத் திரும்பி வர நேர்ந்தது வருந்தத்தக்க நிலை. அதற்கான பொறுப்பில் பெரும்பகுதி உள்ளூர்ச் சந்தையைப் பொருட்படுத்தாத தயாரிப்பாளர்களையே சாரும்.

1993-இல் வரையறை செய்யப்பட்ட 'வீடியோ சிடி' இக்களத்தை மாற்றியது. 352-க்கு 288 புள்ளிகள் கொண்ட அதன் காட்சி, பின்னால் வந்த டிவிடியின் 720-க்கு 576 புள்ளிகளோடு ஒப்பிட்டால் நான்கில் ஒரு பங்கே; ஒரு தகட்டில் 74 நிமிடம்தான் அடங்கும் என்பதால் ஒரு தமிழ்ப்படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் தேவைப்பட்டன. எனினும் நாடாவைப் போல ஓடி ஓடித் தேயாத பொருளாகவும், கணினி இருந்தால் சில நிமிடங்களில் நகலெடுக்கக் கூடியதாகவும் அது இருந்தது. தகட்டின் பரப்பிலுள்ள நுண்ணிய குழிகளை ஒளிக்கதிர் வருடிப் படமாக மாற்றுகிறது என்ற விளக்கம் பட்டு நெசவாளருக்குப் புதிராக இருக்க முடியாது. 1804-இல் ஜக்கார்டு உருவாக்கிய பெட்டியில், அட்டையில் குத்திய துளைகளே முந்தியிலும் கரையிலும் எந்தப் பாவிழை எழ வேண்டும் என்று முடிவு செய்கின்றன. துளைகளைப் பார்த்து மற்றோர் அட்டை அடித்துவிட்டால் வடிவம் இன்னொரு தறிக்குப் போய்விடும். கைத்தறியில் மாதக்கணக்கில் உருவான ஒரு கோலம் விசைத்தறியில் மலிவாக நகலாகிச் சந்தைக்கு வரும் துயரம் நெசவூர்களுக்குப் பழகியது. அதனால்தான் குறிப்பிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985-இல் மத்திய அரசால் கொண்டுவரப்பட்டது.

இப்பின்னணியில் 2002 மே மாதம் 'ஸ்பைடர்மேன்' இந்தியாவுக்கு வந்தது. அமெரிக்காவில் முதல் வாரயிறுதியிலேயே பத்துக் கோடி டாலரைத் தாண்டிய முதல் படமான அது, இங்கே ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் பேசியது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான அதன் டிவிடி இரண்டு தகடுகளில் விளக்கவுரைகளும் படப்பிடிப்புக் குறிப்புகளும் நிரம்பியதாக அமைந்து விற்பனையில் பெருவெற்றி பெற்றது. இவ்விணைப்புகளால் நெசவூர்ப் பார்வையாளருக்குப் பயன் ஏதுமில்லை. டிவிடி என்னும் அமைப்பில் எட்டு மொழிக் குரல்தடங்கள் வரை சேர்க்க இடம் உண்டு. அவ்விடத்தில் தமிழ் இருக்கிறதா என்பதே அவர்கள் கேட்கவேண்டியிருந்த முதல் கேள்வி. தமிழ் இல்லாத உயர்தரத் தகட்டைவிட, தமிழ் பேசும் மங்கலான சிடி அவர்களுக்கு மேலான பதிப்பு. இது அறியாமையால் வந்த தேர்வு என்று கொள்வது பிழை. பெரியவரும் சிறுவரும் கூடியிருந்து பார்க்கும் இடத்தில், உரையாடல் அனைவருக்கும் விளங்குவதே தரத்தின் முதல் இலக்கணம்.

2004-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. அவ்வாண்டில் தமிழ்நாடு அரசு, குண்டர் தடுப்புச் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தில் திருட்டு வீடியோ தொழிலில் ஈடுபடுவோரையும் சேர்த்தது. விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கும் அளவுக்கு நகல் வணிகம் கடுங்குற்றமாக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் மத்திய பட்டு வாரியம், தூய பட்டை இனங்காட்டும் 'சில்க் மார்க்' முத்திரைச்சீட்டை அறிமுகப்படுத்தியது. பட்டுக்கு அசலை அடையாளம் காட்டும் வழி தேடப்பட்டது. படத்துக்கோ நகலைத் தண்டிக்கும் வழி மட்டுமே தேடப்பட்டது. மலிவான, நல்ல அசல் கைக்கு எட்டாதவரை தண்டனை மட்டும் பயன் தராது என்பதை அடுத்த சில ஆண்டுகள் காட்டின.

2006 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகளைக் கொண்டுசேர்த்தது. தெருவில் கூடிப் பார்த்தவர்கள் தத்தம் வீட்டுக்குள் திரும்பினர். உண்மையான பொருளில் 'வீட்டு' வீடியோ அப்போதுதான் பிறந்தது எனலாம். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் சிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. நகலின் விலைக்கு அருகில் அசலைக் கொண்டுவந்த அம்முயற்சி, 'பேட்மேன்' கேசட்டின் விலைக்குறைப்பு அமெரிக்காவில் செய்ததை இங்கே பதினெட்டு ஆண்டுகள் கழித்துச் செய்தது. அதுவும் பெரும்பாலும் பழைய படங்களோடு நின்றுபோனது பெருங்குறை. புதுப்படம் ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் பார்வையாளர் கேட்ட பொருள் முறையான கடையில் இல்லாமலே இருந்தது.

அந்தத் தடையை உடைக்கத் திரையுலகுக்குள்ளிருந்தே சிலர் முயன்றனர். 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பே, 2013 ஜனவரியில், வீட்டுக்கூரைத் தட்டின் வழியாக 1000 ரூபாய்க்குக் காட்டக் கமல்ஹாசன் திட்டமிட்டார். திரையரங்க உரிமையாளர்களின் எதிர்ப்பால் அது நடைபெறவில்லை. இயக்குநர் சேரன் தம்முடைய 'சி2எச்' திட்டத்தின் கீழ், 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை 2015 மார்ச்சில் 50 ரூபாய் டிவிடியாக நேரடியாக வெளியிட்டார், அத்திட்டம் தொடரவில்லை. அவர்கள் கேட்டதைப் பின்னர் இணையவழித் திரை எளிதாகச் செய்து முடித்தது. மலையாள அதிநாயகப் படமான 'மின்னல் முரளி' 2021 டிசம்பர் 24-இல் திரையரங்கையே தொடாமல், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் குரல்தடங்களோடு நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. உடுப்பு தைக்கும் ஒரு தையற்காரர் மின்னல் தாக்கி நாயகனாகும் அக்கதையில், வீட்டுப்பதிப்பு என்பது படத்தின் எச்சமாக இல்லாமல் முழுவடிவமாகவே ஆகிவிட்டது.

தமிழ்க் குரல்தடமும் இதற்குள் மதிப்பீட்டுக்குரிய பொருளாகியிருந்தது. 2019 ஏப்ரலில் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழ்ப்பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுத, அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். முந்தைய படங்களின் குரலுக்குப் பழகிய ரசிகர்கள் அதை ஏற்க மறுத்து வெளிப்படையாகவே எதிர்த்தனர். பத்தாண்டுக் காலம் சிடியிலும் தொலைக்காட்சியிலும் கேட்ட குரலே அவர்களுக்கு அந்நாயகனின் சொந்தக் குரலாகிவிட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

டெக் பெட்டிகளைக் கடைசிவரை உற்பத்தி செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அப்பணியை நிறுத்தியது. மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குச் சென்றது. டெக் வாடகைக் காலத்தில் கேசட்டில் எடுக்கப்பட்ட கலியாண நாடாக்கள், தமிழ் பேசும் சிலந்தி மனிதனின் சிடிக்களோடு ஒரே அலமாரியில், ஓட்டிப் பார்க்கப் பெட்டியின்றிப் பூஞ்சை படிந்து கிடக்கின்றன. அவற்றை எண்முறைக்கு மாற்றித் தரும் ஸ்டுடியோக்கள் பெரிய நகரங்களில் மட்டும் ஓரளவு எஞ்சியுள்ளன.