புற்செய்கையும் வயல் விழாவும்

பொத்துவிற் பகுதியில் தீவனம் நெடுங்காலமாகப் பயிராகக் கருதப்பட்டதன்று. தானே கிடைப்பதொன்றாகவே இருந்தது. பெரும்போக அறுவடையின்பின் வயல்வெளியே மேய்ச்சற்றரை. விதைப்புக் காலத்தில் மாட்டுப்பட்டிகள் காட்டோரஞ் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த கினிப்புல்லுங்கூட வேலியோரங்களில் தானாகவே பரவிற்று. வடக்கே 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் காட்டை வயலாக்கியது. நீர் பாய்ந்தவிடத்துச் சிறுபோகமும் வந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று.

1912இல் நிறுவப்பட்ட விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்கப் பணி பெரும்பாலும் நெல்லையே நாடியது. 1989 அளவில் கிராமந்தோறும் இருந்த விரிவாக்க ஊழியரும் கிராம நிருவாகப் பணிக்கு மாற்றப்பட்டனர், பேரிழப்பென்றே சொல்லவேண்டும்.

கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உருவாக்கிய கோ-3 புல் 1999இல் இலங்கைக்கு வந்தது. இதற்கு முளைக்கும் விதையில்லை. கணுவுள்ள தண்டை நட்டே பெருக்க வேண்டும். ஆதலால் இதனைப் பரப்பத் துண்டுப்பிரசுரம் போதாது. வயல் விழாவிலே புல்லை வெட்டிக் காட்டி, தண்டுகளை ஒரு கட்டாகக் கையிற் கொடுத்தால், அடுத்த ஆண்டில் அயலாருக்கும் அதிலிருந்தே தண்டு கிடைக்கும்.

ஆனால் இப்போதனை கிணற்றடியில் இரண்டொரு கறவைப்பசு கட்டியவருக்கே பொருந்தும். பட்டிக்காரருக்குப் பெரும்பாலும் சொந்த நிலமில்லை; நீருமில்லை. மழையற்ற மாதங்களில் அவருடைய மாடுகள் இன்றும் வற்றிய குளத்துப் பரப்பையும் காட்டோரத்தையுமே நாடுகின்றன.