அச்சும் குடமும்



கொங்கு நாட்டில், அவிநாசிக்கு வடக்கே, நிலக்கடலை விளையும் சீமையில் சேவூர் என்றோர் ஊர் உண்டு. அப்பக்கத்துச் சாலைகளில் ஒரு காலத்தில் ஓடிய மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சற்றே நினைவிற்குக் கொண்டுவர வேண்டுகிறேன். மரவட்டையின்மேல் ஏற்றும் இரும்புப் பட்டையைக் கொல்லர் வட்டையினும் சிறிது குறைவான சுற்றளவிலேயே செய்வார். தீயில் காய்ச்சினால் பட்டை விரியும். ஏற்றி நீரூற்றினால் சுருங்கி வட்டையைக் கவ்விக்கொள்ளும். குடத்தின் துளையையோ, அது அச்சின்மேல் சுழல இடம்விட்டே அமைப்பார்கள். இறுக வேண்டிய இடம் எது, தளர வேண்டிய இடம் எது என்பதை நம் கம்மியர் நன்கறிந்திருந்தனர்.

ஆயினும் அவ்வளவு அவர்தம் கையிலும் கண்ணிலுமே குடியிருந்தது. ஓரூரில் செய்த அச்சு மற்றோரூர்க் குடத்தில் அப்படியே பொருந்தாது. செதுக்கியும் அராவியும் சேர்க்க வேண்டும்.

மேல்நாடுகளிலும் இதே நிலைதான். 1785-இல் பிரான்சிலிருந்த அமெரிக்கத் தூதர் ஜெபர்சனுக்கு, ஹொனோரே பிளாங்க் என்னும் துப்பாக்கித் தொழிலாளர், பிரித்து வைத்த ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளின் உறுப்புகளைக் காட்டினார். கைக்கு வந்தவற்றை எடுத்து ஜெபர்சனே பூட்டினார், அவை பொருந்தின. அந்நாளில் அது பெரும் வியப்பு. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த், திருகாணிகளின் புரிகளுக்கு ஒரே அளவுமுறையை முன்மொழிந்தார்.

பின்னும் ஓர் உண்மை எஞ்சியது. எந்த இயந்திரமும் இரண்டு உறுப்புகளை அணுவளவும் பிசகாமல் ஒன்றுபோலச் செய்யாது. ஆதலின், பொறியியல் வரைபடத்தில் ஓரளவுக்குப் பதிலாக ஈரெல்லைகளைக் குறிக்கலாயினர். 25 மில்லிமீட்டர்த் துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம்; அதில் வழுவழுப்பாக நகர வேண்டிய தண்டு 24.980 முதல் 24.993 வரை இருக்கலாம். எத்துளையோடு எத்தண்டு சேரினும் இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 7 பங்கிற்குக் குறையாது. 41 பங்கை மிஞ்சாது. 1947-இல் தோன்றிய இந்தியத் தரநிலை நிறுவனம், இவ்வளவுமுறையை 919 என்னும் எண்ணுள்ள தரநிலையாக நாட்டிற்கு வழங்கியது.

இதன் பயனைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. 1937-இல் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தனர். பின்னர்க் கொங்கு நாட்டுக் கிணறுகள்தோறும் மோட்டார் ஏறியது. கடலைச் செடி வாடும் கோடையில் மோட்டாரின் பேரிங் தேய்ந்தால், அதே எண்ணுள்ள பேரிங்கைக் கடையில் வாங்கிப் பூட்டினால் போதும். மாலைக்குள் நீர் பாயும். செய்தவரைத் தேடிச் செல்ல நேர்ந்திருந்தால், பயிர் அதுவரை பொறுக்குமா?

திருப்பூரின் பின்னல் இயந்திரமும் இதற்குச் சான்று. வட்டச் சிலிண்டரின் காடிதோறும் ஓர் ஊசி ஏறி இறங்குகிறது. காடி இறுகினால் ஊசி சூடேறி முறியும். தளர்ந்தால் சாய்ந்து, துணி நெடுகக் கோடு விழும். அத்துணிக்கு நல்ல விலை கிடைக்காது.

அதற்காக எல்லையைத் தேவைக்குமேல் குறுக்குவதும் அறிவுடைமையன்று; வேலையும் செலவும் கழிவும் மிகும். பிழையே கூடாதென்பதன்று இக்கலை. எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று முன்னரே எண்ணி, எழுதி, யாவர்க்கும் பொதுவாக்குவது. கம்மியர் கையில் இருந்த அந்த நுட்பம் தாளில் ஏறியதனால்தான், முன்பின் அறியாத இருவர் வெவ்வேறூர்களில் செய்த உறுப்புகள் சேவூர்க் கிணற்றடியில் ஒன்றாய்ச் சுழல்கின்றன.