இருளிலே திறந்த கண்

இரவிற் காட்டோரமாகச் செல்லும்போது கைவிளக்கின் ஒளி பட்டதும் பற்றைக்குள் இரு கண்கள் தணல்போல மின்னுவதை உங்களிற் சிலர் கண்டிருக்கலாம். ஒளியைக் கண்ட மான் திகைத்து நின்றுவிடும். வேட்டைக்காரன் அந்தக் கண்களை நோக்கிக் குறிவைத்தாற் போதும். காட்டு விலங்குகளின் இரவு வாழ்வைப் படம்பிடிக்கும் கலை இந்தக் கொலைத் தந்திரத்திலிருந்தே பிறந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலே, சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கேயுள்ள காடுகளில், தோணியின் முனையிலே தீச்சட்டி ஏற்றி மான் வேட்டையாடுதல் ஒஜிப்வே மக்களின் வழக்கமாயிருந்தது. அதனை இளமையிலேயே கற்றவர் ஜோர்ஜ் ஷைரஸ். 1859இற் பிறந்த இவர் ஒரு சட்டத்தரணி. 1903 முதல் 1905 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இருந்தவர். அதே தோணி, அதே ஏரி, அதே நள்ளிரவு. துவக்கு இருந்த இடத்திலே மட்டும் படக்கருவி வந்தது. விளக்கொளியிலே தோணி ஓசையின்றி நெருங்கும். மக்னீசியப் பொடி பளீரெனப் பற்றியெரியும். அக்கணமே படம் பதிவாகும்.

ஆயினும் மனித வாடையை அறிந்தால் அணுகாத விலங்குகள் பல. அவற்றுக்காக ஷைரஸ் வேறொரு வழி கண்டார். விலங்கு நடமாடும் தடத்திலே மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் கருவியோடு பிணைத்துவிட்டு அகன்றுவிடுவார். இரைக்கு வந்த பிராணி கயிற்றை இழுத்துத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்! பொடி ஒருமுறை எரிந்தால் அன்றிரவுக்கு அவ்வளவுதான். வந்தது மானோ, வெறும் காட்டு முயலோ, மறுநாளே தெரியும்.

1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் படங்களுக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. 1906 ஜூலையில் 'நாஷனல் ஜியோகிரபிக்' சஞ்சிகை அவருடைய 74 படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. சஞ்சிகை படப்புத்தகமாகி விட்டதென்று நிர்வாகசபையினர் இருவர் பதவி துறந்தனராம். அறிஞர்களுக்கும் சில வேளைகளிற் கண் தெரிவதில்லை போலும்.

இந்தியாவிலே, ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாயிருந்த எப். டபிள்யு. சாம்பியன் இதே முறையாற் புலிகளைப் படம்பிடித்து, 1927இல் நூலாக வெளியிட்டார். ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இல்லை. ஆகவே படத்தைக் கொண்டே இன்ன புலி இதுவென்று சொல்லலாம் என்பதையும் அவர் கண்டார். வேடிக்கைப் படம் சாட்சியாக மாறியது இங்கேதான். 1990களில் உல்லாஸ் கரந்த் நாகரஹொளைக் காட்டிலே அச்சாட்சியைக் கணக்காக்கினார். முன்பு படத்திற் பதிந்த புலிகள் பின்னர் எத்தனை தடவை மீண்டும் பதிகின்றன என்பதை வைத்து, படத்தில் அகப்படாதவற்றையும் சேர்த்து மொத்தத் தொகையை மதிப்பிடும் முறை அது. ஒரு புலியையேனும் பிடிக்க வேண்டியதில்லை.

நமது நாட்டிலே வரிப்புலி இல்லை. வில்பத்து, யால காடுகளிற் சிறுத்தைகளை அவற்றின் புள்ளிகளைக் கொண்டு இவ்வாறே இனங்காண்கின்றனர். வலப்பக்கப் புள்ளிகள் இடப்பக்கத்தில் இரா; ஆதலால் தடத்தின் இருமருங்கிலும் ஒவ்வொரு கருவி வேண்டும். இக்காலக் கருவிக்குக் கயிறுமில்லை, மக்னீசியமுமில்லை. நடந்துவரும் உடலின் வெப்பமே அதனை இயக்குகின்றது. கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிரே அதற்கு விளக்கு. ஷைரஸின் மான்கள் பளிச்சொளியில் வெருண்டு துள்ளிப் பாய்ந்தன. நமது சிறுத்தையோ பெரும்பாலும் திரும்பியும் பாராது தன் வழியே நடந்துவிடுகின்றது.