மருத்துவமனையில் இதயம் திடீரென நின்றால்: உடனிருப்போர் அறிய வேண்டியவை

செஞ்சியில் நெஞ்சு வலி என்றால் நாம் முதலில் ஓடுவது அரசு மருத்துவமனைக்கு. மேல்சிகிச்சை தேவைப்பட்டால் 30 கி.மீ.க்கு மேல் தள்ளியுள்ள முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அதனால் "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்பதே நம் முதல் பேச்சாக இருக்கிறது. ஆனால் இதயம் நின்றவருக்கான சிகிச்சை, அவர் படுத்திருக்கும் இடத்திலேயே அந்த நொடியே தொடங்க வேண்டும்.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு

மாரடைப்பில் இதயத்தின் இரத்தக்குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் பேசுவார். இதய நிறுத்தத்தில் மூளைக்கு இரத்தம் போவதே நின்று, சில நொடிகளில் நினைவு தப்பும். முதலாவது இரண்டாவதில் முடியலாம்.

தட்டி அழைத்தும் அசைவில்லை, மூச்சில்லை அல்லது விட்டு விட்டுத் திணறுகிறார் என்றால் குறட்டை என்று நினைக்காதீர்கள். உடனே நர்ஸை உரக்க அழையுங்கள்.

மருத்துவர்கள் செய்வது என்ன?

நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்துவார்கள். கை தளரும் என்பதால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். இதில் விலா எலும்பு முறியவும் கூடும். அது அலட்சியம் அல்ல.

இதயம் ஒழுங்கின்றித் துடித்து நடுங்கினால் மின்அதிர்ச்சி தருவார்கள். மானிட்டரில் நேர்கோடு மட்டும் இருந்தால் அதிர்ச்சி பயன்படாது. அழுத்தமும் அட்ரினலின் ஊசியும்தான் வழி. "ஏன் ஷாக் வைக்கவில்லை?" என்று வாக்குவாதம் செய்வது நேரத்தைப் பறிக்கும்.

நாம் செய்ய வேண்டியது

* கட்டிலைச் சூழாதீர்கள். ஒருவர் மட்டும் மருந்துச் சீட்டுகளுடன் நின்று, சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, பழைய நோய்களைச் சொல்லட்டும்.
* வாயில் தண்ணீரோ ஸம்ஸமோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். கலிமாவும் துஆவும் ஓரமாக நின்று ஓதலாம்.
* நோயாளி பெண் என்றால் திரை போடும்படி கேளுங்கள். ஆனால் ஆண் மருத்துவரைத் தடுக்காதீர்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கம் அதை அனுமதிக்கிறது.
* துடிப்பு திரும்பிய பிறகு, எப்போது, எங்கே மாற்றுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் நடந்தால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நாமே நெஞ்சை அழுத்த வேண்டும். அதற்கான பயிற்சியை நமது ஜமாஅத்துகள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஏற்பாடு செய்தால், இன்ஷா அல்லாஹ், ஒரு குடும்பமாவது பயன்பெறும்.