பாடும் மன்றமும்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் ‘பாடு’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு என்பது தமிழ் வழக்கு. அங்குள்ள மீனவர்க்கு வலை கட்டுவதற்கென முறைவைத்துப் பெறும் நீரிடமும் பாடுதான். ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்து கிடக்கும் அவ்வேரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்த பெருமையுடையது. அதில் எவ்விடம் எவருக்கு என்பதை ஊர்க்கூட்டமே தீர்மானித்து வந்தது. தலைக்கட்டுகள் கூடுவர், சீட்டுக் குலுக்கப்படும், வளமான இடமும் வறிய இடமும் கைமாறி வரும். வலியவன் நல்ல இடத்தை நிலையாகப் பற்றிக்கொள்ள இயலாத நீதி அதில் இருந்தது.

சீட்டு என்றதும் உத்திரமேரூரின் குடவோலை நினைவுக்கு வரும். முதற் பராந்தகன் காலத்ததாகிய அந்த 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் தமிழர் மக்களாட்சிக்குச் சான்றாகப் பெருமையோடு எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட வேண்டுமானால் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்பதையும் அதே கல்வெட்டே கூறுகிறது. பாட்டு முறையிலும் அத்தகைய எல்லை ஒன்று இருந்தது. சீட்டு, குறிப்பிட்ட ஊர்களின் பட்டினவர் குலத்து ஆடவர்க்கே உரியது. மீன் விற்றுக் குடும்பம் காத்த பெண்டிரும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும், ஏரியை நம்பிய ஒடுக்கப்பட்ட பிற குடிகளும் அக்கூட்டத்துக்கு வெளியே நின்றனர்.

வெளியிலிருந்து வந்த ஆதிக்கமோ அக்கூட்டத்தையும் கேட்கவில்லை. 1610இல் சந்திரகிரி மன்னர் இரண்டாம் வேங்கடரோடு டச்சுக் கும்பினி உடன்படிக்கை செய்துகொண்டது. 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. அரசும் வணிகமும் பேசி முடித்தன; கரை அவர்கள் பேச்சின் பொருளாயிற்றே அன்றி, பேசும் தரப்பாகவில்லை. அந்நூற்றாண்டின் பஞ்சங்களில் மனிதர்களே சரக்காகி அத்துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேறினர்.

இந்திய அரசு 1994இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், 1997இல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. 2006இன் அறிவிக்கை அதனை மேலும் விரித்தது. குலம், பால், சொத்து எதுவும் கேளாமல் எவரையும் பேச அழைக்கும் மன்றம் அது. ஊர்க்கூட்டம் தராத இடத்தை இருளர்க்கும் பெண்டிர்க்கும் ஏட்டளவிலேனும் தந்தது. ஆயினும் தாக்க அறிக்கையை ஆய்வாளரை அமர்த்தித் தயாரிப்பது திட்டத்தை முன்வைக்கும் நிறுவனமே. முழு அறிக்கை ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது சுருக்கம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற வரையறையும் இல்லை. வாய் திறக்க அனைவர்க்கும் உரிமை. படித்தறிந்து வாதிடும் வசதியோ சிலர்க்கே.

ஏரிக்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கர்த் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டத்துக்கு 2021 சனவரி 22இலும் 2023 செப்டம்பர் 5இலும் கருத்துக்கேட்பு அறிவிக்கப்பட்டது. மீனவ ஊர்கள் எதிர்த்தன. இரண்டும் நடைபெறாமல் ஒத்திவைக்கப்பட்டன. கடலரிப்பு மிகும், ஏரிக்கும் கடலுக்கும் இடையிலான மணற்கரை அழியும் என்பது மீனவர் அச்சம். வளர்ச்சி, வேலைவாய்ப்பு என்பன மறுதரப்பின் சொற்கள்.

பிரசாரம் பொய்யால் மட்டும் வெல்வதில்லை; வளர்ச்சி என்ற ஒரு சொல்லை விளக்கமின்றித் திரும்பத் திரும்ப ஒலிப்பதாலும் வெல்லும். யாருக்கு வளர்ச்சி, எத்தனை பேருக்கு வேலை, எவர் பாடு போகும் என்று கேட்க வேண்டியவர் பேசப் பழகாதிருந்தால் அவ்வெற்றி எளிதாகிறது. பாடு உடையவன் இழப்பைக் கணக்கிடுவான். பாடு மறுக்கப்பட்டவனுக்கு, வேலை என்னும் வாக்குறுதியே தன்னை நோக்கி வந்த முதற் சொல்லாக ஒலிக்கக்கூடும். சபையில் இடம்பெறாதவர் பெயரால் பிறர் பேசுவதும் எளிது.

ஆகவே ஏரியைக் காக்கும் வாதமும் ஊர்க்கூட்டத்தைத் திருத்தும் வாதமும் வேறுவேறல்ல. பெண்ணும் இருளரும் அமரும் கூட்டத்திலிருந்து எழும் மறுப்பை, சிலரது மறுப்பென்று ஒதுக்குதல் அரிது. சொல்லைக் காப்பதைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் அங்கே பணி உண்டு: அறிக்கையின் ஆங்கிலத்தைக் கரையின் தமிழாக்குவதும், ‘வளர்ச்சி’யை அதன் பொருள் கேட்டு நிறுத்துவதும்.