யானைத் தடத்தின் குறுக்கே ஒரு நெடுஞ்சாலை



பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு ஒவ்வொரு வீட்டிலும் எழுகின்றது. விலங்குகளைக் கம்பி வேலிக்குப் பின்னால் காட்டாமல் அவை வாழும் காட்டிலேயே காட்ட விரும்புவோருக்கு நம் தீபகற்பத்தில் நன்கு அறியப்பட்ட வழி ஒன்று உண்டு. பேராக் மாநிலத்துக் கிரிக் நகரையும் கிளந்தான் மாநிலத்து ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைதான் அது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அச்சாலையின் பெரும்பகுதி மழைக்காட்டின் நடுவே செல்கின்றது. யானை உருவம் பொறித்த எச்சரிக்கைப் பலகைகள் வழிநெடுகிலும் நிற்கின்றன. நல்வாய்ப்பு இருந்தால் மகிழுந்தை விட்டு இறங்காமலேயே காட்டு யானையைக் காணலாம்.

யானை அவ்வளவு எளிதாகச் சாலையோரம் கண்ணில் படுவது ஏன்? பயணம் புறப்படுமுன் பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கான விடை நம் நாட்டு வரலாற்றில் இருக்கின்றது.

தண்டவாளத்தில் நின்ற யானை

பேராக்கில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) வரை 1893-ஆம் ஆண்டு இரயில் பாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 1894 செப்டம்பர் 17-ஆம் நாள், காட்டு யானை ஒன்று அப்பாதையில் வந்த இரயிலை எதிர்த்துப் பாய்ந்து அதனைத் தடம் புரளச் செய்தது, தானும் உயிரிழந்தது. தன் கூட்டத்தைக் காக்கும் பொருட்டு அது மோதியதாகக் கூறும் அறிவிப்புப் பலகை, யானை புதைக்கப்பட்ட இடத்தில் வைக்கப்பட்டது.

இந்நிகழ்வை வேடிக்கைக் கதையாகச் சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். ஆனால், மலாயாவில் இரும்புப் பாதையும் யானைத் தடமும் குறுக்கிட்டபோது என்ன நேர்ந்தது என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும். அந்நாளில் தண்டவாளம் பதித்தவர்களிலும், காட்டை அழித்துச் சாலை போட்டவர்களிலும், தோட்டங்களில் இரப்பர்க் கன்று நட்டவர்களிலும் நம் முன்னோர் திரளாக இருந்தனர். ஆகவே இது நம் குடும்பங்களுக்கும் தொடர்புடைய வரலாறு.

வேட்டைக்காரர் கேட்ட பூங்கா

இரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது யானைகளின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது. இளங்கன்றுகளை யானைகள் அழித்தன. தோட்ட முதலாளிகள் யானைகளைப் பயிரின் எதிரியாகக் கருதினர். அக்காலத்தில் விலங்குகளுக்காக வாதாடியவர் தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர். அவரே முன்னர் தோட்டக்காரராகவும் பேர்பெற்ற வேட்டைக்காரராகவும் இருந்தவர். யானை வேட்டை பற்றி நூல் எழுதியவர். விலங்குகள் அருகி வருவதைக் கண்கூடாகக் கண்ட அவர், வேட்டையை விட்டுப் பாதுகாப்புப் பணியில் இறங்கினார்.

அவர் முயற்சியால் 1925-இல் பகாங்கில் குனோங் தாகான் வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. 1930-களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி விரிவான அறிக்கையை அளித்தவரும் அவரே. அதன் பின்னர்ப் பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்களின் இசைவோடு மூன்று மாநிலக் காடுகளை இணைத்து 1938-39-ஆம் ஆண்டுகளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் ‘தாமான் நெகாரா’ என்று பெயர் மாறிய அப்பூங்காவின் பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர்.

இவ்வாறு காட்டின் ஒரு பகுதிக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. வடக்கே தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெலும், தெமெங்கோர் காடுகளின் கதை வேறாக அமைந்தது.

காவலோடு போடப்பட்ட சாலை

பினாங்கிலிருந்து கோத்தா பாருவுக்கு நேர்வழி இல்லாத காலம் ஒன்று இருந்தது. தரைவழிப் பயணிகள் தெற்கே வெகுதூரம் இறங்கிச் சுற்றிச் செல்ல வேண்டும். அக்குறையைப் போக்க 1970-இல் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைப் பணி தொடங்கியது. எல்லைக் காடுகளோ அப்போது மலாயா கம்யூனிஸ்ட் கட்சியினரின் மறைவிடமாக இருந்தன. அவர்களின் தாக்குதலில் கட்டுமான இயந்திரங்கள் அழிந்தன. பணியாளர்கள் இராணுவப் பாதுகாப்போடு வேலை செய்தனர். பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் பின், 1982 ஜூலை முதல் நாள் சாலை திறக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் பகற்பொழுதில் மட்டுமே வாகனங்களுக்கு அனுமதி இருந்தது. 1989 டிசம்பரில் ஹாட்யாய் அமைதி உடன்பாடு கையெழுத்தானதும் அச்சம் நீங்கியது.

இதே காலத்தில் பேராக் ஆற்றின் மேற்பகுதியில் தெமெங்கோர் அணை எழுந்தது. பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கிப் பெரிய ஏரியாயின; ஜஹாய், தெமியார் பூர்வகுடியினர் பலர் இடம்பெயர்ந்தனர். ஏரியின் நடுவே உள்ள பண்டிங் தீவின் வழியாக இன்று நாம் பாலங்களில் கடந்து செல்கின்றோம்.

எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சண்டை நடந்த ஆண்டுகளில் மரம் வெட்டுவோர் இக்காடுகளுக்குள் எளிதில் நுழைய முடியவில்லை. துப்பாக்கிக்கு அஞ்சியதால் காடு தப்பியது. அமைதி திரும்பியபின் அதனைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது. மலேசிய இயற்கைக் கழகம் 1993-94-இல் இங்கு அறிவியல் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு இவ்வனத்தின் சிறப்பை உலகறியச் செய்தது. 2007-இல் ஏறத்தாழ 117,500 ஹெக்டர் பரப்பு ரோயல் பெலும் மாநிலப் பூங்காவாக அரசிதழில் இடம்பெற்றது. தீபகற்பத்தின் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் இவ்வட்டாரத்தில் காணப்படுகின்றன.

யானை ஏன் சாலைக்கு வருகின்றது?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அடர்ந்த காட்டினுள் வானுயர்ந்த மரங்களே மிகுதி, தரையில் வெயில் படுவதில்லை, புல் குறைவு. சாலைக்காக மரங்களை அகற்றியபோது ஓரங்களில் வெயில் விழுந்தது. புல்லும் மூங்கிலும் செழித்தன. அவை யானைக்கு விருப்பமான உணவு. ஆகவே யானை சாலையோரம் வருகின்றது, நாமும் காண்கின்றோம்.

இச்சாலைப் பகுதி யானைகளின் கழுத்தில் இடங்காட்டிப் பட்டை பூட்டி நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. சாலையைக் கடந்து மறுபுறக் காட்டுக்குச் செல்லும் யானைகளின் இயல்பான நடமாட்டத்தைச் சாலை ஏறக்குறைய 80 விழுக்காடு தடுத்துவிட்டது என்பது அதன் முக்கிய முடிவு. கடக்கும்போதும் பத்தில் எட்டு முறை இரவிலேயே கடந்தன. ஓரத்தில் மேயும் யானை மறுபுறம் செல்லத் தயங்குகின்றது. நமக்குக் காட்சியாக அமைவது அதற்குத் தடையாக அமைந்துவிட்டது.

இதனை உணர்ந்த அரசாங்கம் கிரிக்குக்கு அருகே, விலங்குகள் அடியில் நடந்து செல்லும்படி ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள மேம்பாலத்தை அமைத்தது. 2015-இல் அது நிறைவு பெற்றது. பாராட்டத்தக்க முயற்சி. எனினும், நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலையில் 200 மீட்டர் வாசல் எத்தனை யானைகளுக்குப் போதும்?

2025 மே 11-ஆம் நாள், அன்னையர் தினத்தன்று அதிகாலையில், இதே சாலையில் சரக்குந்து மோதி யானைக்கன்று ஒன்று மாண்டது. தாய் யானை அவ்விடத்தை விட்டு அகலாமல், கன்று சிக்கிக் கிடந்த வாகனத்தின் மீது தலையை வைத்து முட்டி நின்ற காட்சியை நாடே கண்டு கலங்கியது. 1894-இல் தெலுக் அன்சனில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் இடையே 131 ஆண்டுகள். வண்டிகள் மாறின, வேகம் கூடியது, குறுக்கிடும் இடத்தில் நேரும் துயரம் மாறவில்லை.

பிள்ளைகளோடு செல்லும்போது

சுமாத்திரா காண்டாமிருகம் ஒரு காலத்தில் நம் காடுகளில் வாழ்ந்தது. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. இனி அதனை நம் மாணவர்களுக்குப் படத்தில்தான் காட்ட முடியும். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில், காடுகளில் வாழும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு எனத் தெரியவந்தது. நம் நாட்டுச் சின்னத்தில் நிற்கும் விலங்கின் நிலை இது.

ஆகவே, இப்பயணத்தைப் பகலில் மேற்கொள்ளுங்கள். வேகத்தைக் குறையுங்கள். யானையைக் கண்டால் ஒலிப்பான் அடிக்காதீர்கள், இறங்கிப் படம் எடுக்க முற்படாதீர்கள், உணவு வீசாதீர்கள். போதிய தொலைவு விட்டு, அது வழிவிடும்வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பே பிள்ளைகளுக்குச் சிறந்த பாடம்.

ஆசிரியர்கள் வகுப்பறையிலும் இதனைச் செய்யலாம். தீபகற்ப வரைபடத்தில் தெலுக் இந்தான், தாமான் நெகாரா, கிரிக், ஜெலி ஆகிய இடங்களை மாணவர்கள் குறிக்கட்டும். 1894, 1938, 1982, 2007, 2015, 2025 ஆகிய ஆண்டுகளைக் காலக்கோட்டில் எழுதட்டும். பிறகு, “இந்தச் சாலையில் யானை குறுக்கே வந்ததா, யானையின் வழியில் சாலை குறுக்கே வந்ததா?” என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம். அவர்களே விவாதித்துச் சொல்லட்டும்.